பிறேக் கட்டைக்கு வைத்த சந்தனம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுக்கும் சாமான் துண்டும், வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு நலம் விசாரித்து நாலு வரியும்தான். வசனம் கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறதியும் இருக்கிறது. எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது சில இடங்களில் மாறிப்போகலாம். யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மாறாது. வாய் திறக்காமல் இருந்தவள் என்பதால் காதுக்கு நிறைய வேலை இருந்தது.

யுத்தம் முடிவதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களுக்குள் நடந்தது இது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தோம். வீட்டில் நாலு பேர். என் கணவர், அவருடைய அக்காவான என் மச்சாள், முன்னறையில் வாடகைக்கு இருந்த மாஸ்டர், பிறகு நான். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடா விசாவுக்காக மூன்று மாதம் தங்க வந்து, மூன்றாவது வருடத்தில் இருந்தார். விசா வராத மனிதருக்கு நேரம் நிறைய இருக்கும். அந்த நேரத்தையெல்லாம் அவர் எங்கள் வீட்டுச் சாமான்களை ஆராய்வதில் செலவழித்தார்.

என் கணவர் அரசாங்கக் கந்தோரில் இங்கிலீசில் கடிதம் எழுதியே பென்சன் எடுத்தவர். பென்சன் எடுத்த பிறகும் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவருடைய கந்தோருக்குப் போய் இங்கிலீசில் கடிதம் எழுதினார். தான் எழுதாவிட்டால் கப்பல் தண்ணீருக்குள் தாண்டுபோகும் என்பது அவருடைய எண்ணம். அது பஸ்ஸுகளில் குண்டு வெடித்த காலம். இனிப் பஸ் ஏறமாட்டேன் என்று அவர் ஒரு நாள் அறிவித்தார். கொட்டாஞ்சேனைக்கு நடந்து போகவும் முடியாது. சுவிசில் இருக்கும் அவருடைய தம்பி, தான் மலையில் ஓடிய சைக்கிள் ஒன்றைப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவைத்தார். கொழும்பில் மலை இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அந்தச் சைக்கிளில் ரப்பர் கட்டை வைத்த பிறேக் கிடையாது. இரண்டு சில்லின் நடுவிலும் ஒவ்வொரு வட்டத் தகடு. பிறேக்கை அமத்தினால் இரண்டு பக்கத்திலிருந்தும் சின்னக் கட்டைகள் வந்து அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும். கட்டை என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம், பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒழுங்கையில் யார் அகப்பட்டாலும் கணவர் பக்கத்தில் குந்தியிருந்து அதைக் காட்டுவார்.

“இது ஹைட்ரோலிக். வயர் கிடையாது. குழாய்க்குள்ளை எண்ணெய். நான் இஞ்சை அமத்த, எண்ணெய் போய்ப் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் கட்டையைத் தள்ளும். பிளேனிலையும் இதுதான் சிஸ்டம்.”

பால்காரருக்கும் சொன்னார். பேப்பர் போடுகிற சிங்கள மனிதருக்கும் சொன்னார். அவர் “ஹா, ஹா” என்று, சரி சரி என்கிற மாதிரி, மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறேக்கே இல்லாத தன் சைக்கிளில் ஏறிப் போய், செருப்பைத் தரையில் தேய்த்து அடுத்த வீட்டு வாசலில் சரியாக நின்றார்.

உள்ளே எண்ணெய் ஓடுகிறது என்று நூறு தரம் கேட்டதுதான் எனக்கு வினையாயிற்று. உள்ளுக்கு எண்ணெய் உள்ள சாமானுக்கு வெளியில் எண்ணெய் பட்டால் ஆகாது என்று யார் நினைப்பார்கள்? நான் நினைக்கவில்லை.

நவராத்திரி முடிவில் ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் பூசைக்கு அதிகாரி மச்சாள். நான் யாழ்ப்பாணத்தில் பிறக்காமல் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் என்பதால் எனக்குப் பூசை செய்யத் தெரியாது என்பது அவருடைய முடிவு. கொட்டாஞ்சேனையிலும் கோயில்கள் இருக்கின்றன என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அது என்ன கோயில் என்று கேட்டிருப்பார்.

“எடி பிள்ளை, உங்கடை பக்கத்துப் பழக்கத்திலை ஒரு பொட்டை வைச்சிட்டு எழும்பிடாதை” என்றார். “இரும்பு முழுக்க எண்ணெய் போட்டுத் துடை. பிறகு சந்தனத்தைத் தாராளமாய்ப் பூசு. உன்ரை புருசன் நாள் முழுக்க ஓடுற சாமான். அதுதான் அவனைக் காப்பாத்துறது.”

தாராளமாய்ப் பூசினேன். தையல் மெசின், அருவாள், தேங்காய் துருவுகிற கட்டை, கணவருடைய பேனை, மாஸ்டருடைய கவராயம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. சைக்கிளுக்கு வந்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. அந்தத் தகட்டில் பூப்போல ஓட்டைகள் வெட்டியிருந்தார்கள். தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து முகம் தெரியும்வரை மினுக்கினேன். பிறகு ஓட்டைக்கு ஓட்டை சந்தனம், அதற்கு மேல் குங்குமம். முன் சில்லும் அப்படி, பின் சில்லும் அப்படி. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மச்சாள் குறை சொல்லாத என்னுடைய வேலை அது ஒன்றுதான்.

மறுநாள் விஜயதசமி. முன் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கணவர் ஏறி மிதித்தார். தேசிக்காய் நசிந்தது. சைக்கிள் நிற்கவில்லை. முற்றம் முழுக்கப் போய் மச்சாளுடைய குரோட்டன் சாடிகளில் இடித்துத்தான் நின்றது.

“தேசிக்காய்த் தண்ணி வழுக்கிப்போட்டுது” என்றார் கணவர்.

“சிட்ரிக் அமிலம்” என்றார் மாஸ்டர்.

அதோடு அந்த விசாரணை முடிந்தது. இரண்டு சாடி உடைந்தது என் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று, சாடிகளை அங்கே வைத்தது நானாம்.

நாலைந்து நாள் கழித்து, கந்தோருக்குப் போன மனிதர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். வாசலில் சைக்கிளைச் சாத்தாமல் அப்படியே விழவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். போட்டிருந்த சேட்டில் பாதி சிந்தியது.

“பாலத்தடியிலை ஆமிக்காரன் நிக்கச் சொல்லிக் கை காட்டினவன்” என்றார். “நான் பிறேக்கை அமத்தினன். அது போகுது. இன்னும் அமத்தினன். இன்னும் போகுது. நிக்கவேண்டிய கோட்டுக்கு அங்காலை இரண்டு சைக்கிள் நீளம். ஒருத்தன் சுடுறதுக்குத் துவக்கை நெஞ்சுக்கு நேரை பிடிச்சிட்டான்.”

“நீ ஏன் நிப்பாட்டேல்லை?” என்று கேட்டார் மச்சாள்.

“நான் நிப்பாட்டினனான் அக்கா. அதுதான் நிக்கேல்லை.”

அங்கே நின்ற இன்னொருவனுக்கு இவரைத் தினமும் பார்த்த முகம். “இந்த அங்கிளைத் தெரியும்” என்று சொல்லித் துவக்கைக் கீழே இறக்கவைத்திருக்கிறான். போகும்போது சிங்களத்தில், அடுத்த முறை நான் இருப்பேனோ தெரியாது அங்கிள், பிறேக்கைப் பாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறான்.

மாஸ்டர் வந்து, சில்லைச் சுற்றிப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, “கட்டை தேஞ்சுபோச்சு அண்ணை” என்றார். கட்டை இருக்கும் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது செயின் பக்கம்.

பின்னேரம் யாரும் இல்லாதபோது நான் போய்த் தகட்டைத் தொட்டேன். விரல் வழுக்கியது. மணந்து பார்த்தேன். சந்தனம். குனிந்து பார்த்தேன், தகடு நுழைகிற அந்த இடுக்குக்குள்ளே கட்டையின் ஓரம் மஞ்சளாக, வடையிலே எண்ணெய் ஊறினதுபோல ஊறிப்போயிருந்தது. அவர் நெஞ்சுக்கு நேரே துவக்கைக் கொண்டுவந்து வைத்தவள் நான்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குக் கூச்சம் என்றால் மற்றவர்களுடைய கூச்சம் மாதிரி இல்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் தேத்தண்ணீர்த் தட்டைக் கதவு நிலையில் வைத்துவிட்டு ஓடுகிறவள். அதோடு, மச்சாள் சொன்னபடிதான் பூசினேன் என்று ஒரு வார்த்தை வாய் தவறி வந்தாலும் அந்த வீட்டில் நான் இருக்கவேண்டியதில்லை. பேசாமல் இருந்தேன்.

பேசாமல் இருந்த மூன்று கிழமையும் அவர் அந்தச் சைக்கிளிலேயே போனார். பஸ்ஸில் போங்கோ என்று கெஞ்சினேன்.

“பஸ்ஸிலை போய்ச் செத்தால் நூறு பேரோடை ஒராள். இதிலை செத்தாலும் தனியாளாய்ச் சாவன்” என்றார்.

தெரிந்த காவலிடங்களுக்கு ஐம்பது யார் முன்னாலேயே இறங்கி உருட்டிக்கொண்டு போனாராம். பாதி வழி, கொள்ளுப்பிட்டிவரைக்கும் உருட்டின நாளும் உண்டாம். ஆனால் அந்த நாட்களில் தெரியாத இடத்தில் திடீரென்று மறிப்பார்கள். நேற்று வெறுமனே கிடந்த சந்தியில் இன்றைக்கு மணல் மூட்டை இருக்கும். அதை நினைத்து நினைத்து ஒவ்வொரு பின்னேரமும் கேற் திறக்கிற சத்தம் கேட்கும்வரை எனக்கு உலை கொதித்தாலும் தெரியாது.

தம்பியிடம் கேட்ட புதுக் கட்டைகள் கடைசியில் சுவிசிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு அம்மாவின் சூட்கேசில் வந்து சேர்ந்தன. ஒரு சின்ன அட்டைப் பெட்டி. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு, நடுவில் வைக்க ஒவ்வொரு மெல்லிய வில்லுத் தகடு, ஊசி மாதிரி ஒவ்வொரு ஆணி. ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் பழைய பெற்சீற்றை விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார்கள். ஒப்பரேசன் செய்யப்போகிற மாதிரி இரண்டு பேரும் கை கழுவினார்கள்.

பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் இருந்தது. கணவர் கண்ணாடியைப் போட்டு விரித்தார். நெடுநேரம் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கு அண்ணை?” என்று கேட்டார் மாஸ்டர்.

“ரெக்னிக்கல்” என்றார்.

அது ஜெர்மன். எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் இங்கிலீசு எழுத்தின்மேல் இப்படி இரண்டு இரண்டு புள்ளி வைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? மாஸ்டரும் வாங்கிப் பார்த்து, “ஓம் ஓம், நேரடியான விசயம்தான்” என்றார்.

சில்லைக் கழற்றினார்கள். ஆணியை இழுத்துப் பழைய கட்டைகளை எடுத்தார்கள். எடுத்ததும் என் பக்கம் நீட்டி, “இதைக் குப்பையிலை போடும்” என்றார் கணவர். நான் போடவில்லை. ஒரு சோசரில் வைத்து அடுப்படி யன்னலில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, களவு செய்தவனுக்குச் சாமானை எறிய மனம் வராது போல.

அந்த நேரத்தில் மாஸ்டருக்கு விஞ்ஞான ஆசை வந்துவிட்டது. சில்லும் இல்லை, கட்டையும் இல்லை, வெறுமனே இருக்கும்போது பிறேக்கை அமத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டுமாம். அமத்தினார். பிஸ்டன் இரண்டும் வெளியே வந்தன. இன்னொரு தரம் அமத்தினார். இன்னும் வந்தன. “அழகாய் வருது” என்றார். முன்னுக்கும் செய்து பார்த்தார், பின்னுக்கும் செய்து பார்த்தார். ஆனால் அவை திரும்பி உள்ளே போகவில்லை. நடுவில் ஒரு புளியங்கொட்டை போகிற இடம்கூட இல்லை. புதுக் கட்டைகளை வைத்துப் பார்த்தார்கள், போகவில்லை.

“அளவு மாறி அனுப்பிப்போட்டான்” என்றார் கணவர். “அவன் சின்னனிலையே இப்பிடித்தான்.”

சுவிசுக்கு ரெலிபோன் போட்டார்கள். தம்பிக்காரர் அங்கே நித்திரையால் எழும்பியிருக்கவில்லை. அவருக்கு எப்போதும் பெரிய குரல், அடுப்படி வரைக்கும் கேட்டது.

“அண்ணை, சில்லில்லாமல் ஆர் பிறேக்கை அமத்தினது?”

“ஒருத்தரும் அமத்தேல்லை. அது தன்ரை பாட்டிலை வந்திட்டுது.”

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

“சரி, பிஸ்டனை மெல்ல உள்ளுக்குத் தள்ளுங்கோ. இரும்பாலை தள்ளாதையுங்கோ, உடைஞ்சிடும். மரமோ பிளாஸ்ரிக்கோ வேணும். மற்றது இன்னொண்டு. ஆரும் தகட்டிலை எண்ணெய் கிண்ணெய் பூசினவையோ? பழைய கட்டை அவ்வளவு கெதியிலை தேயாது. தகட்டிலை எண்ணெய் இருந்தால் இந்தப் புதுக் கட்டையும் குடிச்சிடும், ஒரு நாளிலை பழுது. பிறகு பிறேக்கே இல்லை.”

கணவருக்கு ரோசம் வந்துவிட்டது.

“எண்ணெயோ? உனக்கென்ன விசரே? பிறேக்குக்கு எண்ணெய் பூசுறதுக்கு என்ரை வீட்டிலை இருக்கிறவை மனிசரோ மாடோ? நாங்கள் என்ன காட்டுக்குள்ளையோ இருக்கிறம்?”

நான் கதவு நிலையில் நின்றேன். மச்சாள் கதிரையில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவே இல்லை, கறண்டு இல்லை. அவருக்கும் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கிற்று.

இப்போது சொன்னால் கணவரைத் தம்பிக்கு முன்னால் பொய்யராக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் புதுக் கட்டையும் எண்ணெய் குடிக்கும், திங்கட்கிழமை காலையில் அவர் நல்ல பிறேக் என்று நம்பி, இறங்காமல், வேகமாகப் பாலத்தடிக்குப் போவார். முந்தியாவது பிறேக் இல்லை என்ற பயம் அவரைக் காப்பாற்றியது.

முற்றத்தில் கணவர் ஸ்குரூ டிரைவரோடு பிஸ்டனுக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தார். மரம் என்று தம்பி சொன்னது அவருடைய காதில் ஏறவில்லை. நான் தோசை திருப்புகிற மரத் தட்டகப்பையைக் கொண்டுபோய் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இதென்ன?”

“மரம்” என்றேன்.

அதைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒரு பிஸ்டன் உள்ளே போக மற்றது வெளியே வந்தது. அதைத் தள்ள இது வந்தது. இரண்டு பேரும் வியர்த்துப்போனார்கள். கடைசியில் அகப்பையின் தட்டைப் பக்கத்தை நடுவில் கொடுத்து மெல்ல நெம்பினபோது முன்னும் பின்னும் எல்லாம் அடங்கின. அந்த வெற்றியில் பசி வந்துவிட்டது. சாப்பிடப் போனார்கள்.

அவர்களுக்கு முன்னால் சோற்றை வைத்துவிட்டு நான் முற்றத்துக்கு ஓடினேன். மச்சாள் இன்சுலின் ஊசி போடுகிறவர், அதற்கு முன் தோலைத் துடைக்க ஸ்பிரிற்றுப் போத்தல் வைத்திருப்பார். அதை எடுத்துவந்து பழைய துணியில் ஊற்றித் தகட்டைத் துடைத்தேன். துணி மஞ்சளாக வந்தது. திருப்பித் துடைத்தேன், இன்னும் மஞ்சள். ஓட்டைகளுக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, தலைமயிரில் குத்தும் ஊசியால் கிண்டினேன். இரண்டாவது சில்லுக்கு வந்தபோது பின்னால் நிழல் தெரிந்தது. மச்சாள்.

போத்தலைப் பார்த்தார். பாதி முடிந்திருந்தது. உள்ளே போனார். இன்றைக்கு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பி வந்து பஞ்சுச் சுருளை என் மடியில் போட்டார்.

“துணியாலை துடைச்சால் நூல் ஒட்டும். பஞ்சாலை துடை” என்றார். போகும்போது, “அவனுக்கு ஒண்டும் சொல்லாதை” என்றும் சொன்னார். அவர் காப்பாற்றினது என்னையா தன்னையா என்று நான் விசாரிக்கவில்லை.

பின்னேரம் புதுக் கட்டைகளைப் போட்டார்கள். வில்லுத் தகட்டை முதலில் தலைகீழாக வைத்து, பிறகு சரியாக வைத்து, ஆணியைக் குத்தி, சில்லை மாட்டி, பிறேக்கைப் பத்துத் தரம் அமத்த, பிடி இறுகிவந்தது. “பாத்தியளோ மாஸ்டர், பழக்கம் இருந்தால் அரை மணித்தியால வேலை” என்றார் கணவர். காலை ஒன்பதுக்குத் தொடங்கின வேலை.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருந்தது. புதுக் கட்டை தகட்டோடு பொருந்துவதற்கு, ஓடுவதும் மெல்லப் பிடிப்பதுமாக ஒரு முப்பது தரம் செய்யவேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். ஒழுங்கையில் ஓட இறங்கினார் கணவர். ஒழுங்கை முடிகிற இடத்தில் ரெயில் பாதை, அதற்கு அந்தப் பக்கம் கடல். பாதை ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கி ஆமிக்காரர் இருவர் காவல் நிற்பார்கள். இவர் காவலைப் பார்த்து ஓடுவார், பிடிப்பார், நிற்பார், திரும்புவார். திரும்ப ஓடுவார், பிடிப்பார், நிற்பார்.

அதோடு விட்டிருக்கலாம். மாஸ்டர் ஒரு கணக்கு வாத்தியார். பிறேக் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று ஒழுங்காக அளக்கவேண்டும் என்றார். சோக் கட்டியால் தெருவில் கோடு கீறினார். மச்சாளுடைய தையல் அளவு நாடாவைப் பிடித்து அளந்தார். கொப்பியில் எழுதினார். காவலிடம் வரைக்கும் எத்தனை அடி என்றும், கணக்கு முழுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக, எழுதினார்.

கொழும்பில், அந்த வருடத்தில், இரண்டு தமிழர், ஒரு காவலிடத்தை நோக்கி வருவதும் நிற்பதும் அளப்பதும் எழுதுவதும். படித்தவர்கள் செய்கிற வேலை இது. படிக்காதவனுக்கு இப்படி ஒரு யோசனையே வராது.

பத்தோ பன்னிரண்டோ தரம் ஆகியிருக்கும். ஆமிக்காரர் இரண்டு பேரும் துவக்கோடு இறங்கி வந்தார்கள். பெரியவனாகத் தெரிந்தவன் கொப்பியை வாங்கிப் புரட்டினான்.

“மொகத மே?” இது என்ன என்று கேட்டான்.

கணவருக்குச் சிங்களம் தெரியும், கந்தோர்ச் சிங்களம். பயத்தில் அது முழுக்கப் போய்விட்டது. இங்கிலீசு வந்தது. ஹைட்ரோலிக் என்றார். பிஸ்டன் என்றார். சுவிற்சர்லாந்து என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுடைய முகம் இறுகிக்கொண்டு வந்தது. அடையாள அட்டைகளை வாங்கினான். மாஸ்டருடையதில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. மற்றவன் றேடியோவை எடுத்தான்.

அக்கம்பக்கத்து யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துப்பட்டன. வான் வண்டி வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றிக்கொண்டு போனால், எங்கே என்று கேட்டு அலைகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நான் சோசரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முந்தானையில் மஞ்சள். தெருவில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

“மாத்தயா, பொல்தெல் கேவே மம” என்றேன். ஐயா, தேங்காய் எண்ணெய் பூசியது நான்தான் என்று.

எனக்கு வாய்த்தது சந்தைச் சிங்களம், கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாசிலும் மீன் வாங்கி, கீரை வாங்கிப் பழகினது. மீன்காரனோடு கதைக்கிற மாதிரியே சொன்னேன். பூசைக்குப் பூசினேன், சந்தனமும் வைத்தேன், பிறேக் போய்விட்டது, பாலத்தடியில் உங்கள் ஆள் சுடப் பார்த்தான், இன்றைக்குப் புதுக் கட்டை போட்டிருக்கிறது, அதைப் பழக்குகிறார்கள், அளக்கிறது இந்த மனிதருடைய பைத்தியம், கணக்கு வாத்தியார். சோசரை நீட்டினேன்.

அவன் ஒரு கட்டையை எடுத்து நகத்தால் சுரண்டினான். மூக்குக்குக் கிட்டப் பிடித்தான். மற்றவனுக்கு நீட்டினான். அவனும் மணந்தான். றேடியோவைக் கீழே விட்டான்.

“பிறேக்குக்குப் பொட்டு வைத்தீர்களா அம்மே?” என்று கேட்டான்.

“வைத்தேன்.”

“இரண்டு சில்லுக்கும்?”

“இரண்டுக்கும்.”

அவன் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குகிற வாய் எனக்குத் தெரியும். கணவரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். “அங்கிள், ஒழுங்கை மேலே இருந்து வேகமாய் வாங்கோ. நான் இதிலே நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்பாட்டுங்கோ. நின்றால் அட்டையைத் தாறேன்.”

அவன் மாஸ்டர் கீறிய கடைசிக் கோட்டில் போய் நின்றான். மற்றவன் துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டான். நான் துடைத்தது போதுமா, ஓட்டைக்குள் கொஞ்சம் மிஞ்சியிருக்குமா, பஞ்சு போதுமானதாக இருந்ததா என்றுதான் என் புத்தி ஓடியது. கடவுள் பெயர் எதுவும் வரவில்லை. ஸ்பிரிற்றுப் போத்தல்தான் வந்தது.

அவர் வந்தார். காற்சட்டைக் கால் படபடக்க, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வந்தார். பிடித்தார். சைக்கிள் ஆமிக்காரனுக்கு ஒரு முழம் முன்னால் அடித்து வைத்த மாதிரி நின்றது. அவர் நிற்கவில்லை. சீற்றிலிருந்து வழுக்கி முன் பார்க் கம்பியில் போய் இருந்தார். அந்த வலியில் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர்கள் சிரித்தார்கள். அட்டைகளைக் கொடுத்தார்கள். கொப்பியின் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, தெருவில் கீறிய கோடுகளையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். மாஸ்டர் வாளி வாளியாகச் சுமந்து கழுவினார். அந்த மனிதர் வேலை செய்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கணவர் நோவோடு ஒரு பக்கமாய்ச் சரிந்து இருந்தார். பிட்டைப் பிசைந்தபடி, “நீர் காலமையே சொல்லியிருக்கலாம்” என்றார்.

“தம்பியிட்டை மாடு எண்டு சொன்னியள்” என்றேன். “பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

மச்சாள் எழும்பி, கை கழுவப் போவதுபோல உள்ளே போய்விட்டார். கணவர் பிட்டில் குழம்பை ஊற்றினார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. “உமக்கு இவ்வளவு சிங்களம் எங்காலை?” என்றார்.

“உங்களுக்கு மீன் எங்காலை?” என்றேன். முப்பத்தைந்து வருடத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் எதிர்வார்த்தைகள் அந்த இரண்டும்தான். அவர் இன்னும் கொஞ்சம் பிட்டு வைக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை சைக்கிளில் போனார். பின்னேரம் கேற் சத்தம் கேட்டது. பாலத்தடியில் கோட்டுக்கு முன்னாலேயே நின்றதாம். கப்பல் கந்தோரில் இதை எப்படிச் சொன்னார் என்று பிறகு அங்கே வேலை செய்த ஒருவருடைய மனைவி மூலம் தெரிந்தது. சுவிஸ் கொம்பனி செய்த பிழையைத் தான் கண்டுபிடித்து, தானே ஸ்பிரிற்றால் துடைத்துத் திருத்தியதாகச் சொன்னாராம். நான் அந்த அம்மாவுக்கு மறுத்துச் சொல்லவில்லை. உயிரோடு வந்து பொய் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். சைக்கிள் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், வில்லுத் தகடு முதலா ஆணி முதலா என்பதையும், பழக்குவது முப்பது தரமா இருபது தரமா என்பதையும் சரிபார்த்துத் திருத்திவிடவும். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் இருந்தவர்கள், ரெயில் பாதைக் காவலில் இரண்டு பேரா மூன்று பேரா நின்றார்கள் என்று சொன்னால் நல்லது. நான் அன்றைக்கு அந்தத் தகட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.